கப்ளர் கழன்றால் முதலில் உயரத்தைப் பாருங்கள்

பழைய மாடல் ரயில்களைப் பழுது பார்ப்பது என் தொழில். கப்ளர் என்பது ஒரு பெட்டியை அடுத்த பெட்டியோடு கோக்கும் கொக்கி. மும்பை மாட்டுங்காவில் நம் ஆட்கள் பலர் தாத்தா காலத்துப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டு வருவார்கள். "ஓடும்போது பெட்டி தனியாகக் கழன்று நிற்கிறது, கப்ளரை மாற்றிக் கொடுங்கள்" என்பார்கள். பல பெட்டிகளில் கப்ளர் நன்றாகவே இருக்கும். உயரம்தான் தவறியிருக்கும்.

இரண்டு பெட்டிகளையும் நேரான தண்டவாளத்தில் நிறுத்தி, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஹெச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) நக்கிள் கப்ளரின், அதாவது மடக்கிய விரல்போல் பூட்டிக்கொள்ளும் கப்ளரின், நடு உயரம் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 25/64 அங்குலம், கிட்டத்தட்ட 9.9 மி.மீ. ஒன்று தொங்கினால், தண்டவாள இணைப்பில் ஒரு சின்னக் குலுக்கலுக்கே நழுவிவிடும். சக்கரச் சட்டத்தின் திருகு தளர்ந்திருக்கலாம், கப்ளர் பொருந்தியிருக்கும் சின்னக் கூட்டின் மூடி விலகியிருக்கலாம். பெட்டியே தாழ்ந்திருந்தால் சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒன்று வைத்தால் போதும். நிஜ ரயிலிலும் இதே கதைதான். நம் அகலப் பாதையில் காலிப் பெட்டியின் பஃபர் (முனையில் மோதலைத் தாங்கும் பாகம்) தண்டவாளத்திலிருந்து 1105 மி.மீ.க்கு மேல் ஏறக்கூடாது, பாரம் ஏற்றிய பெட்டியில் 1030-க்குக் கீழே இறங்கக்கூடாது.

அடுத்தது எடை. அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் கணக்கு ஹெச்ஓ பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டி என்றால் 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். பழைய பிளாஸ்டிக் பெட்டிகள் பல இதைவிட லேசு. அவற்றில் எக்ஸ்2எஃப் என்ற கொம்புக் கொக்கி இருந்தால், பின்னால் தள்ளும்போது கொக்கிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருக்கிப் பெட்டியையே தடம் புரட்டிவிடும். கப்ளரை மாற்றும் முன் எடையைச் சேர்த்துப் பாருங்கள்.

தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள். நம் ஊர்த் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி, கப்ளர் பாதி திறந்தபடி சிக்கிக்கொள்ளும். கிராஃபைட் தூள் போதும், பென்சில் முனையைச் சுரண்டினாலும் கிடைக்கும். மழைக்காலத்தில் எஃகு ஸ்பிரிங்குகளில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கப்ளரைப் பிரிக்கும்போது கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுப் பிரிப்பது நல்லது. ஸ்பிரிங் துள்ளினாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

1930-களின் துத்தநாக வார்ப்புகளில் மட்டும் இடுக்கி வைத்து நெம்பவே வேண்டாம். ஈயம் கலந்துவிட்ட வார்ப்பு காலப்போக்கில் உப்பி, வெடித்து, தொட்டாலே உதிரும். இதைச் சரிசெய்ய வழியில்லை, புதுப் பாகம்தான் போட வேண்டும். உடனே ஒட்டும் பசையை அதன்மேல் ஊற்றிக் கொண்டுவருபவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கும், கூட இருக்கும் நல்ல பாகமும் அதோடு போய்விடுகிறது.

அப்புறம், பழைய கப்ளரை அறுத்து எடுக்காதீர்கள். திருகைக் கழற்றி எடுத்து, சின்ன ஜிப் கவரில் போட்டு, எந்தப் பெட்டியுடையது என்று எழுதி, அந்தப் பெட்டியோடே வையுங்கள். பின்னால் யாராவது பழையபடி பூட்ட விரும்பினால் அது வேண்டும்.