மரவேலை கற்கவா, கற்றதற்குச் சான்று வாங்கவா? அரசுத் திட்டங்களில் எது யாருக்கு

என் பெரியப்பா மகன் பதினேழு வருடமாகத் தச்சு வேலை செய்கிறார். நிலை, கதவு, கட்டிலில் தொடங்கி இப்போது மாடுலர் கிச்சன் வரைக்கும் கை பழகியவர். "அரசாங்கம் கார்பென்டர் பயிற்சி தருதாம், கருவி வாங்கப் பணமும் உண்டாம்" என்று சைட்டில் யாரோ சொன்னதை நம்பி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) வாசலில் போய் நின்றிருக்கிறார். அங்கே ஒரு வருடப் படிப்பு, தினமும் வகுப்புக்கு வரவேண்டும் என்று சொல்லி ஒரு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நேரே என்னிடம் வந்து, "ஏன்டா தம்பி, உளி பிடிக்க நான் இனிமேத்தான் கத்துக்கணுமா?" என்றார்.

ஐடிஐக்காரர்கள் சொன்னதில் தப்பு இல்லை, அண்ணன் போன இடம்தான் தப்பு. மரவேலைக்கு அரசு தரும் "பயிற்சி" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வேலை தெரியாதவருக்கு வேலை கற்றுக்கொடுப்பது. இன்னொன்று, தெரிந்தவருக்கு "இவருக்குத் தெரியும்" என்று காகிதம் கொடுப்பது. கடன், கருவி எல்லாம் வேலை தெரிந்தவர்களுக்கான திட்டங்களில் வருபவை. இதைப் பிரித்துப் பார்க்காமல் போனால் நாள் வீணாகும்.

முதலில் வேலை தெரியாதவர்கள். எட்டாவதோ பத்தாவதோ முடித்துவிட்டு மரவேலைக்கு வர நினைக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ ஐடிஐதான் சரியான இடம். கார்பென்டர் பிரிவு ஒரு வருடம். எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும், பத்தாவது வேண்டும் என்று நினைத்துப் பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். 14 வயது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. ஒரே சிக்கல், எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இல்லை. ஃபிட்டரும் எலக்ட்ரீசியனும் இருக்கிற இடத்திலெல்லாம் கார்பென்டரும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்க்கை அறிவிப்பு வந்ததும் தொழிற்பிரிவுப் பட்டியலில் கார்பென்டர் என்றும், உட் வொர்க் டெக்னீஷியன் என்றும் இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வரும், சைக்கிள், சீருடை, காலணி, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களாக இருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் மூலம் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். இவை கல்லூரிக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு, ஐடிஐக்கும் பொருந்தும். சேரும்போதே கேட்டுவிடுங்கள், கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து சொல்லமாட்டார்கள்.

அங்கே என்னதான் சொல்லித்தருவார்கள் என்று கேட்டால், முதல் சில வாரங்கள் சலிப்பாகத்தான் இருக்கும். ஒரு கட்டையைக் கொடுத்து, இழைப்புளியால் ஒரு முகத்தை மட்டும் மட்டமாக இழை என்பார்கள். இழைத்ததைக் கொண்டுபோனால், மாஸ்டர் மூலைமட்டத்தை அதன்மேல் நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால்கூட "போ, மறுபடி இழை". அந்த வெளிச்சம் மறைந்த பிறகுதான் அடுத்த முகம், அப்புறம் அளவெடுத்துக் கோடு கிழிப்பது, கோட்டின் மேல் ரம்பம் ஓடாமல் கோட்டுக்கு வெளியே ஓட்டப் பழகுவது, துளையும் அதில் செருகும் கழுந்தும் போட்டு இரண்டு சட்டங்களை ஆணி இல்லாமல் சேர்ப்பது. கழுந்து தளர்வாக இருந்தால் கையால் அசைத்தாலே தெரிந்துவிடும், இறுக்கமாக இருந்தால் கொட்டாப்புளியால் ஓங்கித் தட்டும்போது துளைச் சட்டம் பிளந்துவிடும். இது பட்டறையிலும் கற்கலாம்தான், ஆனால் பட்டறையில் கெடுத்த மரத்துக்கு முதலாளியிடம் திட்டு வாங்கவேண்டும், அதனால் புதுப் பையனிடம் மாதக்கணக்கில் சாண்ட் பேப்பரை மட்டுமே கொடுத்து வைப்பார்கள். ஐடிஐயின் பெரிய லாபம் என் கணக்கில் மரத்தைக் கெடுக்கும் உரிமைதான். குறையும் உண்டு: இன்றைக்குக் கடையில் ஓடுகிற பிளைவுட், மைக்கா, எட்ஜ் பேண்டிங், சாஃப்ட் குளோஸ் கீல் வேலையெல்லாம் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிடாது. அதற்குத்தான் அடுத்து வருவது.

ஐடிஐ முடித்தவர்களும், ஐடிஐக்கே போகாதவர்களும் அப்ரென்டிஸாகச் சேரலாம். இது 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின்கீழ் வருவது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரென்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். 4 பேர் இருந்தாலே, விரும்பினால் எடுக்கலாம். அதாவது ஒரு சாதாரண ஃபர்னிச்சர் பட்டறைகூட முறைப்படி ஒப்பந்தம் பதிவு செய்து பையன்களை எடுக்க முடியும், பட்டறை வைத்திருப்பவர்களில் இதைத் தெரிந்தவர் மிகக் குறைவு. 2019இல் விதியைத் திருத்தியபோது வைத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை, பத்தாவதுக்குக் கீழே படித்தவருக்கு 5,000, பத்தாவது முடித்தவருக்கு 6,000, ஐடிஐ சான்று உள்ளவருக்கு 7,000 ரூபாய். இதில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. 2016இல் தொடங்கிய தேசியத் தொழில்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் என்பது இதுதான். ஒப்பந்தம் பதிவாகாமல் "அப்ரென்டிஸ்னு வச்சிருக்கேன்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அது வெறும் எடுபிடி வேலை, முடிவில் சான்றிதழ் எதுவும் வராது.

சரி, அண்ணனைப் போல ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு வருவோம்.

இவர்களுக்குக் காகிதம் வாங்க இரண்டு வழிகள். ஒன்று எளிது, இன்னொன்றுக்கு மதிப்பு அதிகம். எளிதானது, பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் வரும் முன்கற்றலுக்கான அங்கீகாரம். ஆர்பிஎல் என்று சொன்னால் பயிற்சி மையங்களில் புரியும். சில நாள் அறிமுக வகுப்பு, பிறகு ஒரு மதிப்பீடு, தேறினால் சான்றிதழ். பள்ளிப் படிப்பைவிட கை வேலையைத்தான் பார்ப்பார்கள். பெரிய கான்ட்ராக்ட் கம்பெனிகளில் "சர்டிஃபிகேட் இருக்கா" என்று கேட்கும்போது நீட்ட ஒன்று இருக்கும், அவ்வளவுதான். ஒரு வருட ஐடிஐ சான்றுக்கு இது சமம் இல்லை.

மதிப்பு அதிகமான வழி, ஐடிஐ மாணவர்கள் எழுதும் அதே அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. 21 வயது முடிந்து, அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இங்கே அனுபவச் சான்றுதான் பெரிய முட்டுக்கட்டை. சொந்தமாக வேலை எடுத்துச் செய்பவருக்கு யார் எழுதித் தருவார்? அதனால் ஏதாவது நிறுவனத்தில் வேலை பார்த்த காலம் இருந்தால் அந்தச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள், முதலாளி கடையை மூடிய பிறகு அலைவது கஷ்டம். அப்புறம், கை வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எழுத்துத் தேர்வும் உண்டு. மர வகைகள், ஈரப்பதம், கருவிகளின் பாகங்கள், கணக்கு, வரைபடம் என்று போகும். வாயால் சொன்னால் அரை மணி நேரம் விளக்குகிற ஆட்கள் தாளில் தடுமாறுவது இங்கேதான், பழைய வினாத்தாள்களை ஒரு மாதமாவது புரட்டிவிட்டுப் போங்கள்.

கருவிப் பணம், கடன் என்று சைட்டில் பேசிக்கொள்வது பெரும்பாலும் பிஎம் விஸ்வகர்மா பற்றித்தான். 2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு தொடங்கியது, 18 தொழில்கள், அதில் தச்சு வேலை ஒன்று, படகு கட்டுவது தனியாக இன்னொன்று. 18 வயது ஆகியிருக்க வேண்டும், கையாலும் கருவியாலும் சொந்தமாக வேலை செய்பவராக இருக்கவேண்டும். 5 முதல் 7 நாள், அதாவது 40 மணி நேரம், அடிப்படைப் பயிற்சி. விரும்பினால் 15 நாள் மேற்பயிற்சி. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய். தேர்ந்த தச்சரின் ஒரு நாள் கூலி இதைவிட அதிகம் என்பதால் பலர் "நஷ்டம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் இங்கே கணக்குப் பார்க்கவேண்டியது அந்த 500 இல்லை. அடிப்படைப் பயிற்சியின் தொடக்கத்தில் திறனைச் சோதித்த பிறகு கருவி வாங்க 15,000 ரூபாய் வரை தருகிறார்கள். ரொக்கமாக இல்லை, மின்னணு வவுச்சராக. பயிற்சியை முடித்தவருக்கு அடமானம் இல்லாமல் முதலில் 1 லட்சம் வரை கடன், 18 மாதத் தவணை. அதை ஒழுங்காகக் கட்டி வருபவருக்கு அடுத்து 2 லட்சம் வரை, 30 மாதத் தவணை. வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம். 1 லட்சத்தை 18 மாதத் தவணையில் கட்டி முடித்தால் மொத்த வட்டியே ஏறக்குறைய 4,000 ரூபாய்தான். அதே லட்சத்தை மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினால் ஒன்றரை மாதத்திலேயே அதைத் தாண்டிவிடும்.

நிபந்தனைகளில் இரண்டைக் கவனியுங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அப்பா பதிவு செய்துவிட்டால் கல்யாணமாகாத மகன் பதிவு செய்ய முடியாது, கல்யாணமான மகன் செய்யலாம். அப்புறம், கடந்த 5 வருடத்தில் இதேபோன்ற அரசுத் தொழில்கடன் வாங்கியிருந்தால் சேர முடியாது. முத்ரா கடனையோ தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடனையோ முழுதாகக் கட்டி முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு ஊழியர் குடும்பத்துக்குக் கிடையாது.

இதில் தமிழ்நாட்டு வாசகர்கள் நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்ற எதிர்ப்பு இங்கே பலமாக எழுந்தது. இந்த வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த முடியாது என்று 2024 நவம்பரில் மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதியது. பதிலுக்கு, சாதியும் பரம்பரையும் பார்க்காமல் எவரும் சேரலாம் என்று கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்து 2025 ஏப்ரலில் தொடங்கினார்கள். 25 தொழில்கள், மரவேலைப்பாடும் அதில் உண்டு. 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். போக, 5 சதவீதம் வரை வட்டி மானியம், திறன் பயிற்சி. கணக்குப் போட்டால், 2 லட்சம் கடனிலேயே மானியம் 50,000ஐத் தொட்டுவிடுகிறது, 3 லட்சம் வாங்கினாலும் அதே 50,000தான். அதனால் தேவை 2 லட்சத்தோடு முடிகிறது என்றால் ஆசைப்பட்டு 3 லட்சம் கேட்காதீர்கள். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக.

குறைந்தபட்ச வயது 35 என்பது இதன் முக்கியமான நிபந்தனை. படிக்கவேண்டிய வயதுப் பிள்ளைகளை அப்பன் தொழிலில் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது, காரணம் நியாயமானதே. ஆனாலும் இருபத்திரண்டு வயதில் ஐந்து வருட அனுபவத்தோடு நிற்கிற ஒரு இளம் தச்சர் இடையில் மாட்டிக்கொள்கிறார், பிஎம் விஸ்வகர்மா இங்கே நடக்கவில்லை, கைவினைத் திட்டத்துக்கு வயது இல்லை. அவருக்கு இப்போதைக்கு ஆர்பிஎல், தனித்தேர்வு, அப்ரென்டிஸ் மூன்றும்தான். புதுச்சேரியில் இருப்பவருக்கோ, பெங்களூரில் குடியிருந்து வேலை செய்பவருக்கோ இந்தச் சிக்கல் இல்லை, அங்கே விஸ்வகர்மாவில் பதிவு செய்யலாம்.

எங்கே விண்ணப்பித்தாலும் ஆதாரோடு இணைந்த போன் நம்பர் உங்கள் கையில் இருக்கவேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். அண்ணனுக்கு 35 தாண்டிவிட்டது, கைவினைத் திட்டத்துக்குத் தகுதி இருந்தது, ஆனால் ஆதாரில் இருந்த நம்பர் ஐந்து வருடத்துக்கு முன் தொலைத்த போனுடையது, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். இரண்டையும் சரிசெய்ய இன்னொரு ஒன்றரை நாள் கூலி போனது. விஸ்வகர்மா பதிவை இலவசமாகச் செய்துதர பொதுச் சேவை மையங்கள் இருக்கின்றன, தொழில் மையத்திலும் விவரம் கேட்கக் காசு இல்லை, ஆகவே "ரெண்டாயிரம் குடுங்க, லோன் சாங்ஷன் பண்ணித் தர்றேன்" என்று யாராவது போனில் கூப்பிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.