தேடலுகப்பு: எஸ்.ஈ.ஓ.வுக்குத் தமிழில் ஒரு சொல்

இலங்கை மலையகத்து அப்புத்தளையில், லிப்டன் சீட் என்ற மலைக்காட்சி முனைக்குப் போகிற வழியில், நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் காலையில் போன் எடுத்தார். "தம்பி, வெப்சைட்டுக்கு எஸ்.ஈ.ஓ. செய்யணுமாமே? அப்பதான் கூகுள்ல மேல வருமாம். அது என்னா, தேயிலை ஸ்டோர்ல இஞ்சினுக்கு எண்ணெய் போடுற மாதிரியா?"

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அவர் கேட்டதில் பிழையே இல்லை என்று பட்டது. எஸ்.ஈ.ஓ. என்ற மூன்றெழுத்தை விரித்தால் சேர்ச் எஞ்சின் ஒப்டிமைசேஷன். சொல்லுக்குச் சொல் பார்த்தால், தேடுகிற இயந்திரத்தைச் செம்மையாக்குவது என்றுதான் வருகிறது. கூகுளின் இயந்திரத்துக்கு எண்ணெய் போட நம்மை யாரும் உள்ளே விடப்போவதில்லை. நாம் செய்வதெல்லாம் நம்முடைய பக்கத்தில்தான். தேடி வருகிறவருக்கு அது பயன்பட வேண்டும், தேடுபொறிக்கும் அது எதைப் பற்றியது என்று விளங்க வேண்டும், காசு கட்டாமல் வரும் முடிவுகளில் அது மேலே வர வேண்டும். அதற்கான வேலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் எஸ்.ஈ.ஓ. 'விளம்பரம்' என்ற குறியோடு வரும் முடிவுகள் தனிக் கணக்கு. அங்கே எவ்வளவு கொட்டினாலும் இங்கே ஓர் இடம்கூட உயராது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். சேர்ச் என்பதன் வேர் லத்தீனில் 'சுற்றி வருதல்'. சர்க்கஸ், சர்க்கிள் எல்லாம் அந்தக் குடும்பம்தான். காணாமல் போன மாட்டைத் தேடி மலையைச் சுற்றி வருகிறவருக்கு இது உடனே விளங்கும். நம் 'தேடு' இன்னும் விரிந்தது. பொருளைத் தேடுவதும் தேடுதல்தான், பொருள் தேடுவதும் தேடுதல்தான். ஹோம்ஸ்டேக்காரருக்கு இரண்டும் ஒன்றாக நடக்கிற இடம் இது.

எனக்கு மிகவும் பிடித்தது எஞ்சின் என்ற சொல். அதன் மூலமான 'இன்ஜெனியம்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பிறவியிலேயே வந்த புத்திக்கூர்மை என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது உபாயம், தந்திரம், பிறகு கருவி என்று மாறிக்கொண்டே போனது. அதன் குறுக்கமான 'ஜின்' என்ற பழைய சொல்லுக்குக் கண்ணி, பொறி என்ற பொருளும் உண்டு. இப்போது தமிழுக்கு வாருங்கள். இயந்திரம் பொறி, எலி பிடிப்பதும் பொறி, நெருப்பில் தெறிப்பதும் பொறி, கண் காது மூக்கும் ஐம்பொறி. திருக்குறளின் முதல் அதிகாரத்தில் வரும் 'பொறிவாயில் ஐந்தவித்தான்' இந்தக் கடைசிப் பொருளில்தான். தந்திரம், கருவி, கண்ணி என்று ஆங்கிலச் சொல் நடந்த வழியிலேயே நம் சொல்லும் ஒரு பகுதி நடந்திருக்கிறது. ஒன்று மற்றதிலிருந்து கடன் வாங்கியதல்ல. மென்பொருளை எஞ்சின் என்று அழைப்பது ஏன் என்று கேட்டால், 19ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் பாபேஜ் தன் கணிப்புக் கருவிகளுக்கே எஞ்சின் என்றுதான் பெயர் வைத்தார். ஆக தேடுபொறி என்பது நல்ல சொல், அதைத் தொட வேண்டாம். தேடற்பொறி என்று எழுதுகிறவர்களும் உண்டு, அதிலும் குறையில்லை. எலிப்பொறியின் நினைவு வந்தால் வரட்டும், சில வேளைகளில் அதுவும் பொருத்தம்தான்.

ஒப்டிமைஸ் என்பதில்தான் சிக்கல். 'ஒப்டிமுஸ்' என்றால் லத்தீனில் மிகச் சிறந்தது. வெறுமனே நன்றாக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. கையில் இருக்கும் நிலம், ஆள், காசு, நேரம் ஆகியவற்றுக்குள் எது மிகப் பொருத்தமோ அதற்குக் கொண்டுவருவதே ஒப்டிமைஸ். இதைத் தமிழில் 'மேம்படுத்தல்' என்று எழுதுகிறவர்கள் அதிகம். தேடுபொறி மேம்படுத்தல் என்று வாசித்தால், முதலில் சொன்ன எண்ணெய் போடும் கதைதான் திரும்ப வருகிறது. எனக்கு அது ஒத்துவரவில்லை.

இன்னொரு சொல் 'உகப்பாக்கம்'. பலருக்கு இது அகராதியில் இருந்து எழுப்பிக் கொண்டுவந்த சொல் போலத் தோன்றுகிறது. உண்மையில் அதன் உறவுச்சொல் நம் வாயில் தினமும் புழங்குகிறது. தோட்டத்துக் கோவில் திருவிழா நோட்டீஸில் 'முருகனுக்கு உகந்த நாள்' என்று இருக்கும். உகந்தது என்றால் பொருத்தமானது, விருப்பமானது. உகப்பாக்குவது என்றால் உகந்ததாக்குவது. அவ்வளவுதான்.

தொல்காப்பியத்தின் உரியியலில் உகப்பு என்பதற்கு வேறொரு பொருள் இருக்கிறது: உயர்தல். இதைக் கண்டபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் உயர வேண்டும் என்பதற்காகச் செய்கிற வேலை. அதற்கு வழி, தேடுகிறவருக்கு உகந்ததாக இருப்பது. வழியையும் விளைவையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது தமிழ். ஆங்கிலச் சொல்லில் இந்தச் சுகம் இல்லை.

ஆனால் 'தேடுபொறி உகப்பாக்கம்' என்றாலும் பழைய குழப்பம் தீரவில்லை. எதை உகப்பாக்குகிறோம்? பொறியையா? ஒரு நான்காம் வேற்றுமை உருபு இருந்தால் சரியாகிவிடும்: தேடலுக்கு உகப்பாக்குதல். அதைச் சுருக்கினால் தேடலுகப்பு. வாய்க்கும் சுலபம். 'தேடலுகப்புச் செய்திருக்கிறீர்களா?', 'தேடலுகப்பு இல்லாத பக்கம்' என்று வசனத்தில் இட்டுப் பார்த்தேன், நிற்கிறது. நான் இனிமேல் இதையே எழுதுவதாக இருக்கிறேன். உகப்பாக்கம் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்கு வயது அதிகமில்லை. 1997 வாக்கில் வழக்குக்கு வந்திருக்கலாம் என்று அந்தத் துறையை நெடுங்காலம் கவனித்து எழுதிய டேனி சலிவன் சொல்லியிருக்கிறார். அதை முதலில் பரப்பியவர்களில் ஒருவராக அவர் காட்டுவது புரூஸ் கிளேயை. கூகுள் நிறுவனம் தொடங்கியது 1998இல், அப்படியானால் கூகுள் நிறுவனத்தைவிடச் சொல் மூத்தது. அப்போது ஆல்டவிஸ்டா, யாஹூ போன்ற பழைய தேடல் தளங்களின் காலம். பக்கத்துக்குள் எத்தனை முறை ஒரு சொல்லை எழுதினோம் என்பதற்கு மதிப்பு இருந்தது. வேறு எத்தனை தளங்கள், எப்படிப்பட்ட தளங்கள் நம் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் பேஜ்ரேங்க் முறையை லாரி பேஜும் செர்கே பிரின்னும் கொண்டுவந்தார்கள். அந்தப் 'பேஜ்' வெறும் பக்கம் மட்டுமல்ல, கண்டுபிடித்தவரின் பெயரும்கூட. அதைப் பக்கத்தரம் என்று மொழிபெயர்த்தால் பாதிப் பகிடி போய்விடும்.

ரேங்க் என்பதும் பழைய பிரெஞ்சில் வெறும் வரிசைதான். நம் மலையில் கொழுந்து பறிக்கப் போனால் ஆளுக்கொரு நிரை பிடிப்பார்களே, அந்த நிரை. யார் மேல், யார் கீழ் என்பது அதில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, அண்ணனின் வெப்சைட்டுக்கு வருவோம். அவர் என்னிடம் வருவதற்கு முன்பே, என்ன வேலை என்று விளங்காமலேயே, ஒரு கம்பனியிடம் பணம் கட்டியிருந்தார். மூன்று மாதத்தில் முதலிடம் என்று உத்தரவாதம் கொடுத்தார்களாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் செய்த வேலையைத் திறந்து பார்த்தேன். பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், எல்ல, பண்டாரவளை, நுவரெலியா, ஹோட்டல், சீப் ரூம் என்று நூறு சொல் ஒளித்து வைத்திருந்தார்கள். இதற்குச் சொல் திணிப்பு என்று பெயர், மறை எழுத்து வேறு. இந்த வகை ஏமாற்றுகளைக் குறிவைத்து 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் பென்குவின் என்ற மாற்றத்தையே இறக்கியது. போதாததற்கு, வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் நிரலுக்குள் சொற்களை எழுதி வைக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா குறியிலும் ஒரு நீளப் பட்டியல். தரவரிசைக்கு அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

ஆங்கிலத்தில் இப்படிச் செய்வதைக் கறுப்புத் தொப்பி என்றும், நேர்மையாகச் செய்வதை வெள்ளைத் தொப்பி என்றும் சொல்வார்கள். கவ்போய் படத்துப் பழக்கம். வெள்ளைத் தொப்பி என்றதும் இந்த மலையில் ஞாபகம் வருவது தோட்டத்துத் துரையைத்தான், அது நேர்மையின் அடையாளம் என்று நம் பாட்டிமாரிடம் சொல்லிப் பாருங்கள்! குறுக்குவழி என்ற சொல்லும் இங்கே சரிப்படாது. தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அதில் என்ன தப்பு? நான் கள்ளவழி என்றே எழுதுகிறேன்.

கீவேர்டை குறிச்சொல் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை, அது பதிவுகளை வகைப்படுத்த ஒட்டும் டேக் என்பதற்கு வேண்டும். தேடுசொல் என்றால் நேராக விளங்கும், தேடுகிறவர் தட்டுகிற சொல். நாம் எழுதும் சொல்லும் அவர் தட்டும் சொல்லும் ஒன்றாக இருக்காது என்பதுதான் இந்த வேலையின் முழுப் பிரச்சினையும். மலையகத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2,243 மீற்றர் உயரத்தில் நிற்கும் ஒரே மலை நமக்குச் சிவனொளிபாதமலை, சிங்களத்தில் ஸ்ரீ பாத, சமனல கந்த, முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை, வெள்ளைக்காரருக்கு அடம்ஸ் பீக். அடிவாரத்து நல்லதண்ணிக்கு டல்ஹவுசி என்று இன்னொரு பெயர். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை நடக்கும் பருவகாலத்தில் அங்கே அறை தேடும் யாழ்ப்பாணத்து யாத்திரிகர் தட்டுவது ஒன்று, ஜெர்மன்காரர் தட்டுவது வேறொன்று. எல்லாப் பெயரையும் ஒரே பந்தியில் அடுக்குவது உகப்பு ஆகாது. தமிழ்ப் பக்கத்தில் தமிழ் வாசகர் கேட்கும் பெயர், ஆங்கிலப் பக்கத்தில் அவர்கள் கேட்கும் பெயர், இரண்டையும் தெரிந்த ஒருவர் இயல்பாகப் பேசுவது போல.

அண்ணனின் பக்கத்தில் முகப்புத் தலைப்பு 'ஹோம்' என்று இருந்தது. அதை 'அப்புத்தளையில் லிப்டன் சீட்டுக்குப் போகும் வழியில் நான்கு அறை ஹோம்ஸ்டே' என்று மாற்றினோம். படங்கள் ஒவ்வொன்றும் ஆறு எம்பி, மலையில் இருக்கிற சிக்னலுக்கு அது திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும், சுருக்கினோம். அறைக் கட்டணம், சாப்பாட்டு விபரம் எல்லாம் ஒரு போஸ்டர் படத்துக்குள் இருந்தன. எழுத்தாக எழுதினோம். தமிழ்ப் பகுதி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது. நம் கண்ணுக்கு அது தமிழ், பொறியின் கண்ணுக்குப் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். இலங்கையில் பழைய தமிழ்த் தளங்கள் பல தேடலில் அகப்படாமல் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றுதான் நினைக்கிறேன். தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடு வைத்திருக்கும் யுனிகோடுக்கு மாற்றிய அன்றுதான் அந்தப் பக்கம் தமிழில் இருக்கிறது என்பதே கூகுளுக்குத் தெரிந்திருக்கும். .இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரி 2010இலிருந்து இருக்கிறது, அதை வாங்கிவிட்டு உள்ளே பாமினியில் எழுதினால் என்ன பயன்?

கூகுள் மெப்பில் அவர் வீட்டுக் குறி மலையின் மறுபக்கத்தில் குத்தியிருந்தது. உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பெயர்பெற்ற தன்மை மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. குறி பிழைத்தால் தூரம் பிழைத்தது. போன் நம்பரும் தளத்தில் ஒன்று, மெப்பில் ஒன்று. அதையும் ஒன்றாக்கினோம்.

கடைசியாக, வருகிற ஆட்கள் வழக்கமாக என்ன கேட்பார்கள் என்று அவரிடமே கேட்டு எழுதினேன். மூடுபனி எத்தனை மணிக்கு ஏறும், ஸ்டேஷனிலிருந்து ஓட்டோவுக்கு எவ்வளவு, சுடுதண்ணி இருக்கிறதா. இதுதான் உண்மையான தேடலுகப்பு, மற்றதெல்லாம் துப்புரவு வேலை. பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும் என்பது கூகுளின் கணக்கு, அவரிடமும் அதைத்தான் சொன்னேன். இப்போது சில தேடல்களுக்கு முதல் பக்கத்தில் வருகிறார். 'எல்ல ஹோட்டல்' என்று தேடினால் வரமாட்டார். எல்லயில் அறை தேடுகிறவர் அப்புத்தளையில் வந்து இறங்கினால் இரண்டு பேருக்கும் கோபம்தான் வரும்.

வேலை முடிந்து பில் எழுதியபோது 'தேடலுகப்பு வேலை' என்று போட்டேன். அண்ணன் இரண்டு தரம் வாசித்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. பக்கத்துல எஸ்.ஈ.ஓ.ன்னும் போட்டுருங்க, கணக்குப் பாக்குற பொடியனுக்கு விளங்கணுமே."