இமையில் நோய், வயிற்றில் மாத்திரை

அத்தைக்கு மாதக்கணக்கில் இமை விளிம்பு சிவந்து உறுத்தல். காலையில் எழுந்தால் இமைமுடியில் பொறுக்கு. சொட்டு மருந்து வாங்கப் போனவர் கிளினிக்கிலிருந்து டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையோடு வந்தார். "கண்ணுல கோளாறு, மாத்திரை வயித்துக்காடா?" என்று பினாங்கு லிட்டில் இந்தியாவில் கெட்டிப்பால் தேநீரான தே தாரிக்கை ஊதியபடி கேட்டார். நியாயமான கேள்விதான்.

சொட்டு மருந்தின் எல்லை பெரும்பாலும் கண்ணின் மேற்பரப்பு. ஒரு சொட்டு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் அத்தனைக்கும் இடமில்லை. மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லையென்றால் இமையின் மூக்கோரத் துளை வழியே மூக்குக்குள் இறங்கும். மருந்து விட்ட சற்று நேரத்தில் தொண்டை கசப்பது அதனால்தான். பாக்டீரியாவால் வரும் சாதாரணக் கண்வலி மேலோடு இருப்பதால் அதற்கு இது போதும்.

கிருமி இமைத்தோலுக்கு அடியில் இறங்கி வீங்கவைத்தால், ரத்தம் வழியாகத்தான் அங்கே மருந்து போக வேண்டும். அமோக்சிசிலின்-கிளாவுலனேட், செஃபலெக்சின் மாத்திரைகள் அதற்குத்தான். (கண்கட்டிக்குப் பெரும்பாலும் வெந்நீர் ஒத்தடமே போதும். மாத்திரை கேட்டு அடம்பிடிக்காதீர்கள்.)

அத்தையின் கதை இன்னும் விசித்திரம். மேல் இமைக்குள் சுமார் 25 முதல் 40 எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காயாமல் காக்கிறது. இமையில் குடியிருக்கும் பாக்டீரியா லைபேஸ் என்ற நொதியால் அதை உடைக்க, கண்ணை எரிக்கும் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. டாக்சிசைக்ளின் குறைந்த அளவில் கிருமியைக் கொல்வதைவிட, அந்த நொதியை அடக்கி, நம் உடம்பின் அழற்சியையும் தணிக்கிறது. அதனால்தான் வாரக்கணக்கில் சாப்பிடச் சொல்கிறார்கள்.

ஆனால் பாலில் உள்ள கால்சியம் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேரும் மருந்து குறையும். இரும்புச்சத்து மாத்திரையும் வயிற்றெரிச்சல் மருந்தும் அப்படியே. வெறும் தண்ணீர் ஒரு தம்ளர் நிறையக் குடித்து விழுங்கி, அப்புறம் அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். பினாங்கு வெயிலில் தோலும் எளிதில் கருகும். கர்ப்பிணிகளுக்கு இதைத் தருவதில்லை.

இமை வீக்கத்தோடு கண்ணை அசைத்தால் வலி, விழி பிதுங்கல், பார்வை மங்கல் என்று வந்தால், தொற்று விழிக்குப் பின்னால் போயிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே மருந்து ஊசி வழியே ரத்தநாளத்தில் ஏறும்.

அத்தை மாத்திரை அட்டையைப் பார்த்தார், கெட்டிப்பால் மிதக்கும் கிளாஸைப் பார்த்தார். "சரி, இது ஆறிடும். மாத்திரைய ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போட்டுக்கிறேன்."