டென்ட்ரைட்டுக்கு நரம்பு எதற்கு?

"நிக்கல் கலவை உறையும்போது அதில் நரம்பிழைகள் வளர்கின்றன" என்று ஒரு தமிழாக்கத்தில் மறுபடியும் படித்தேன். சென்ற முறை அலுமினியத்துக்கு நரம்பு முளைத்திருந்தது. இப்படியே போனால் எஃகுக்கு நரம்புத் தளர்ச்சி வந்தாலும் வியப்பதற்கில்லை.

மூலச்சொல் டென்ட்ரைட். உருகிய உலோகம் உறையும்போது மரம்போலக் கிளைத்து வளரும் வடிவத்துக்குப் பெயர் அது. கிரேக்க மொழியில் டென்ட்ரான் என்றால் மரம். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானின் பெயரிலும் இருப்பது அதே மரம்தான். கற்களையும் கனிமங்களையும் ஆராய்ந்தவர்கள் முதலில் வழங்கிய சொல் இது. நரம்பணுவின் கிளைகளுக்கு அதை உடலியலார் எடுத்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆக, நரம்புதான் இங்கே இரவல் வாங்கிய கட்சி. நம் மொழிபெயர்ப்பாளரோ உயிரியல் கலைச்சொல் பட்டியலைத் திறந்தார், முதலில் கண்ணில் பட்டதை எழுதினார், மூடிவைத்துவிட்டார்.

உலோகத்தில் நடப்பது என்ன? உருகிய கலவையை அச்சில் ஊற்றி, வெப்பம் அடிப்பக்கமாக மட்டும் வெளியேறும்படி செய்து, அச்சை உலையிலிருந்து மெல்லக் கீழே இறக்கினால், உலோகம் அடியிலிருந்து மேல்நோக்கி உறைந்துகொண்டே போகும். இதுவே திசைவழி உறைதல். மிக மெதுவாக இறக்கும்போது உறையும் முகப்பு சமதளமாக இருக்கும். வேகத்தைக் கூட்டினால் அந்தச் சமதளம் நிலைக்காது. திண்மம் ஏற்காமல் தள்ளிவிட்ட கலப்புத் தனிமம் முகப்பை ஒட்டிய திரவத்தில் குவிந்து, அங்கே உறைநிலையைத் தாழ்த்திவிடுகிறது. தற்செயலாக எழும் ஒரு சிறு புடைப்பு அந்தப் படலத்தைத் துளைத்து முன்னே நீண்டால், உறையத் தயாராக இருக்கும் திரவத்தை எட்டிவிடும். பிறகு அது வளர்ந்துகொண்டேதான் போகும். ரட்டர், சால்மர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1953இல் இதை விளக்கினார்கள். மல்லின்சும் செகெர்காவும் 1964இல் கணிதமாக்கினார்கள்.

சமதளம் உடைந்தால் முதலில் வருவது தேனடை போன்ற கண்ணறை அமைப்பு. ஆங்கிலத்தில் "செல்" என்றிருப்பதால் இதை "உயிரணு அமைப்பு" என்று எழுதுபவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வேகம் இன்னும் கூடினால் பக்கவாட்டில் கிளைகள் புறப்படும்; அதுதான் டென்ட்ரைட். நிக்கல், அலுமினியம் போன்ற கனசதுரப் படிகங்களில் அந்தக் கிளைகள் தண்டுக்குச் செங்குத்தாக, நான்கு பக்கமும் ஒழுங்காக நீளும். ரஷ்ய உலோகவியலார் செர்னோவின் பெயரால் வழங்கும் 39 செ.மீ. உயரப் படிகம் ஒன்று உண்டு. பெரிய எஃகு வார்ப்பின் உட்குழியில் விளைந்தது. அதன் படத்தைப் பார்க்கும் எவருக்கும் ஊசியிலை மரம்தான் நினைவுக்கு வரும்.

நரம்பிழை என்ற சொல்லில் நரம்பு மட்டும் தவறு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இழையும் தவறு. இழை கிளைக்காது. அதைவிட மோசம், இதே துறையில் இழைக்கு வேறு வேலை இருக்கிறது. அலுமினியமும் நிக்கலும் குறிப்பிட்ட ஒரு விகிதத்தில் சேர்ந்த கலவையைத் திசைவழி உறையவிட்டால், அலுமினியத்துக்குள் நுண்ணிய இழைகள் இணையாக அணிவகுத்து நிற்கும். அவை உண்மையான இழைகள். இரண்டையும் ஒரே பாடத்தில் படிக்கும் மாணவர் எந்த இழையைப் பற்றிக்கொள்வார்?

"மரப்படிகம்" என்பாரும் உண்டு. மரப்பெட்டி, மரக்கால், மரப்பாச்சி என்று புழங்கும் மொழியில் அது மரத்தால் செய்த படிகமாகிவிடும். "ஊசிப்படிகம்" வேறொரு வடிவத்துக்கு உரியது. "கிளைப்படிகம்" நல்ல சொல். எனக்கும் நெடுநாள் பிடித்திருந்தது. ஆனால் ஜெட் எஞ்சினின் ஒற்றைப் படிக டர்பைன் பிளேடில் அது இடறுகிறது. அந்த பிளேடு முழுவதும் ஒரே படிகம். அதை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் அரித்து நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசை வரிசையாகச் சிலுவை வடிவங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு டென்ட்ரைட்டின் குறுக்குவெட்டு. ஒற்றைப் படிகத்துக்குள் எண்ணற்ற கிளைப்படிகங்கள் என்று எழுதினால் வாசகர் நம்மைத்தான் சந்தேகிப்பார். எனவே "கிளையுரு" என்பதே என் தேர்வு. உருவத்தை மட்டும் சொல்கிறது. படிகக் கணக்கில் தலையிடவில்லை.

கூடவே இன்னொரு வசதி. டென்ட்ரைட்டின் உறுப்புகளை "முதல்நிலைக் கை, இரண்டாம்நிலைக் கை" என்று மொழிபெயர்க்கிறார்கள். மரத்துக்கு ஏது கை? கவை, கொம்பு, கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு என்று பிரிவுக்குப் பிரிவு பெயர் வைத்திருக்கும் மொழி இது. தண்டு, கிளை, சினை என்ற மூன்றே போதும். சினை என்றதும் இன்று மாடு நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் பள்ளியில் சினைப்பெயர் படித்தவர்களுக்கு அது உறுப்பு என்று தெரியும். வார்ப்பு எவ்வளவு விரைவாகக் குளிர்ந்தது என்று அறியப் பொறியாளர்கள் அளப்பது கிளை இடைவெளியை. விரைந்து குளிர்ந்திருந்தால் கிளைகள் நெருக்கமாக இருக்கும். இதை "இரண்டாம்நிலைக் கை இடைவெளி" என்று எழுதிப் பாருங்கள்.

கிளையுரு பிடிக்காதவர்கள் டென்ட்ரைட் என்றே எழுதட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆய்வகத்தில் மாணவர் கேட்கப்போவதும் அந்தச் சொல்லைத்தான். நரம்பை மட்டும் உடலியலாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.