54 கோடி கிலோ பாரை

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் மாமாவின் வாடிக்கு, அதாவது கடற்கரை மீன் கொட்டிலுக்கு, வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் நாலைந்து வள்ளங்கள்தான் வரும். கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும், போகிறவர்களும் கரையோரமாகவே போய்த் திரும்புவார்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். மேற்குக் கரையில் கடல் பொங்கும், இந்தப் பக்கம் அடங்கிவிடும். அங்கிருந்தும் மீனவர்கள் திருகோணமலைக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தங்குவார்கள்.

நான் சி என்ற கணினி மொழி பழகிக்கொண்டிருந்த நாட்களில் மாமாவுக்காக ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். வள்ளம் ஒன்றுக்கு ஒரு வரி: மீனின் பெயர், எத்தனை கிலோ. அடியில் மொத்தம். மாரி முழுக்க ஒழுங்காக ஓடியது. கச்சான் பருவம் தொடங்கி ஒரு காலையில் மொத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இலக்க எண் ஒன்று வந்து நின்றது. மாமா தாளைக் கையில் தந்தார். "மருமகன், வரியெல்லாம் சரியாத்தான் இருக்கு. கூட்டு மட்டும் பிழை. என்னெண்டு பாரு."

கூட்டலில் பிழை இல்லை. பிழை எழுத்துகளில் இருந்தது. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

சி மொழியில் சரம், அதாவது எழுத்துத் தொடர், என்பது நினைவகத்தில் வரிசையாக நிற்கும் பைட்டுகள் (0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொள்ளும் சிறு அறைகள்), அவ்வளவுதான். சரம் எங்கே முடிகிறது என்பதற்கு ஒரே அடையாளம், கடைசியில் வைக்கப்படும் பூச்சியப் பைட். அந்தச் சரத்துக்கென்று எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டது என்று எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதுகிறவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி பெல் ஆய்வகத்தில் இந்த மொழியை உருவாக்கியபோது நினைவகம் அரிய பொருள். ஒரு பைட் மிச்சம் பிடிப்பதும் அன்றைக்குப் பெரிய காரியம்.

தாளின் வரிகள் எல்லாம் சேரும் ஒரே சரத்துக்கு நான் 1024 பைட் ஒதுக்கியிருந்தேன். இப்படி ஒதுக்கும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர். ஒரு வரியில் நாலைந்து எழுத்தும் ஓர் எண்ணும் வரும், நூறு வரியாவது பிடிக்கும் என்பது என் கணக்கு. தமிழுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். உயிர்மெய்யில் மெய்யின் வடிவுக்கு ஒரு குறி, உயிரின் அடையாளத்துக்கு இன்னொரு குறி. 'திருகோணமலை' கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு அது 10 குறி, 30 பைட். முடிவுப் பூச்சியத்தோடு 31. ஓகாரக் கொம்பை ஏகாரக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமித்தால் திரையில் அதே ஊர்ப் பெயர்தான் தெரியும், ஆனால் 33 பைட் ஆகிவிடும். எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கும் பழக்கத்தைத் தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் முதல் நாளிலேயே விட்டுவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து 'பாரை 12 கிலோ' என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சேர்த்துச் சோதித்தேன். பாரைக்கு 12 பைட், கிலோவுக்கு 12, எண்ணுக்கு 2, இடைவெளிகளுக்கு 2, வரி முறிவுக்கு 1. ஆக 29. 35 வரிகளுக்கு 1015 பைட் போய்விட்டது. 36ஆவது வரிக்கு மிஞ்சியது 9 பைட். ப, அதன் கால், ர என்று மூன்று குறிகள் அதற்குள் அடங்கின. அடுத்து வந்த ஐகாரக் குறிக்கு இடமில்லை.

சி மொழி அங்கே நிற்கவில்லை. சரத்தின் வாலில் இன்னொரு சரத்தை ஒட்டும் ஸ்ட்ர்கேட் என்ற ஃபங்ஷனுக்கு (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு) எல்லை எது என்று தெரியாது. அது எழுதிக்கொண்டே போனது. நானோ 1024 பைட் பஃபரை ஒட்டியே, பல தரவுகளைச் சேர்த்துக் கட்டி வைக்கும் ஒரே கட்டமைப்புக்குள், 4 பைட்டில் மொத்தத்தை வைத்திருந்தேன். ஐகாரக் குறியின் பைட்டுகள் 224, 175, 136. அதன்பின் வரும் இடைவெளி 32. இந்த நான்கும் மொத்தத்தின் மேல் போய் உட்கார்ந்தன. எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும் என் கணினி அவற்றை 545,828,832 என்று வாசித்தது. 54 கோடிக்கு மேல்!

அச்சில் வரிகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பூச்சியம் வரும்வரை வாசிப்பதுதானே வழக்கம், அது எல்லைக்கு வெளியே இருந்தாலும். பிறகு 37ஆவது வரியைச் சேர்த்தேன். நிரல் முதலில் மொத்தத்தோடு 12ஐக் கூட்டியது. 224 இருந்த இடத்தில் 236 வந்தது. இப்போது அந்த மூன்று பைட்டும் சேர்ந்து ஒரு கொரிய எழுத்து! 36ஆவது வரியில் பாரையின் ஐகாரம் போய் கொரிய எழுத்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். மொத்தம் சரத்தைக் கெடுக்கிறது, சரம் மொத்தத்தைக் கெடுக்கிறது, ஆனால் நிரல் ஒரு முறைகூடப் பிழை என்று சொல்லவில்லை.

எனக்கு நேர்ந்தது ஒரு தாளோடு போயிற்று. 1988 நவம்பர் 2ஆம் தேதி பரவிய மொரிஸ் புழு, தானாகவே கணினிக்குக் கணினி தாவும் ஒரு நிரல், இணையத்தையே திணறடித்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஒரு சேவை நிரலில் இருந்த 512 பைட் பஃபர். அந்த நிரல் வந்த வரியை கெட்ஸ் என்ற ஃபங்ஷன் மூலம் வாசித்தது. புழு 536 பைட் அனுப்பியது. கூடுதலாக வந்த பைட்டுகள் அடுத்து எந்தக் கட்டளைக்குப் போக வேண்டும் என்ற குறிப்பின் மேல் விழுந்தன, கணினி புழுவின் கட்டளைகளை ஓட்டத் தொடங்கியது. கெட்ஸை எப்படிப் பயன்படுத்தினாலும் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் இடம் எவ்வளவு என்று அதற்குச் சொல்ல வழியே கிடையாது. அதை மொழியின் தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆனது.

சரி, வெட்டிவிட்டால் என்ன? எஸ்என்பிரிண்ட்எஃப் என்ற ஃபங்ஷன் எல்லையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும், அதற்குமேல் எழுதாது. என் பஃபரில் அதைப் பயன்படுத்தியிருந்தால் பூச்சியத்துக்கு ஒன்று போக 36ஆவது வரிக்கு 8 பைட் கிடைத்திருக்கும். 'பா' முழுதாக வரும். ரகரத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் வந்து, திரையில் உடைந்த குறியாகத் தெரியும். நினைவகம் தப்பிவிடும். ஆனால் ஒருவர் விடியவிடியக் கடலில் நின்று பிடித்த மீன் கணக்கில் வராது. என்னைக் கேட்டால், தரவைச் சத்தமில்லாமல் வெட்டி எறிவதைப் பாதுகாப்பு என்று சொல்லக்கூடாது. வளர வேண்டிய சரம் வளர வேண்டும்.

வளர்ப்பதற்கு மூன்று செய்திகள் ஒன்றாக இருக்க வேண்டும்: சரம் எங்கே இருக்கிறது, இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது, மொத்தம் எவ்வளவு கொள்ளும். இந்த மூன்றையும் ஒரே கட்டமைப்பில் வைத்து, எழுதுவதெல்லாம் ஒரே ஃபங்ஷன் வழியாக மட்டும் நடக்கும்படி செய்துவிட்டால் எல்லையைப் பார்க்கும் வேலை ஒரே இடத்துக்கு வந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்ட்ர்கேட் ஒவ்வொரு முறையும் சரத்தின் தலையிலிருந்து நடந்து வாலைத் தேடும். நீளம் கையில் இருந்தால் அந்த நடை மிச்சம்.

இடம் போதாதபோது ரீஅலாக் என்ற ஃபங்ஷனிடம் பெரிய இடம் கேட்கிறோம். எவ்வளவு பெரிது? தேவைக்கேற்ப 16 பைட் கூட்டிக் கேட்பது சிக்கனமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 பைட்டிலிருந்து 1 மெகாபைட் வரை 16, 16 ஆகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சரம் இடம் மாற நேர்ந்தால், பிரதி எடுக்கும் பைட்டுகள் 3,400 கோடிக்கு மேல். ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கினால் 16 தடவை வளர்ந்தால் போதும், பிரதி எடுப்பது மொத்தமாக 1,048,560 பைட். சரத்தின் நீளத்தைக்கூடத் தாண்டவில்லை. இந்த வித்தியாசத்தை முதன்முதலில் தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

இரட்டிப்பு ஒன்றே வழி என்றில்லை. நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் இருப்பதோடு 16 கூட்டி அதை ஒன்றரை மடங்காக்குகிறது. ரெடிஸ் தரவுத்தளத்தின் சரங்கள் 1 மெகாபைட் வரை இரட்டிப்பு இடம் எடுக்கும், அதைத் தாண்டினால் தேவைக்கு மேல் 1 மெகாபைட் மட்டும் கூட எடுக்கும். 2 கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போன்ற சிறு கணினிப் பலகையில் இரட்டிப்பாக்கினால் சில தடவையிலேயே இடம் தீர்ந்துவிடும். அங்கே தொடக்கத்திலேயே உச்ச அளவைத் தீர்மானித்துவிடுவதுதான் நல்லது.

ரீஅலாக் என்ன செய்கிறது என்பதை மாமாவின் வாடியை வைத்தே எனக்கு விளங்கிக்கொள்ள முடிந்தது. வாடியைப் பெரிதாக்க வேண்டும். பக்கத்து மணல் சும்மா கிடந்தால் கிடுகை நீட்டி வேய்ந்துகொள்ளலாம். பக்கத்தில் வேறொருவர் இருந்தால் சாமான்களையெல்லாம் தூக்கிக்கொண்டு கரையில் வேறு இடத்துக்குப் போக வேண்டியதுதான். அப்போது, பழைய இடத்தை நினைவில் வைத்து ஐஸ் கொண்டுவரும் லொறிக்காரர் யாரோ ஒருவரின் வாடியில் இறக்கிவிட்டுப் போவார். நிரலிலும் அதேதான். அன்றைய அதிகப் பிடிபாடு எந்த வரி என்று, நினைவக முகவரியைக் கொள்ளும் ஒரு சுட்டியில் வைத்திருந்தேன். பஃபர் இடம் மாறியதும் அந்தச் சுட்டி காட்டியது நமக்குச் சொந்தமில்லாத இடத்தை. முகவரியை விட்டுவிட்டு, சரத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணை வைத்துக்கொண்டால், சரம் எங்கே போனாலும் அந்த எண் பொருந்தும்.

இதே பொறி வேறொரு வேடத்திலும் வந்தது. தலைப்பு வரியைத் தாளின் அடியிலும் போட விரும்பி, பஃபரின் தொடக்கத்தையே எடுத்து அதே பஃபரின் வாலில் ஒட்டச் சொன்னேன். ஒட்டுவதற்கு இடம் போதவில்லை, பஃபர் இடம் மாறியது, பிரதி எடுக்க வேண்டிய மூலமோ பழைய இடத்தில். சேர்க்க வரும் சரம் நம் பஃபருக்கு உள்ளேயே இருக்கக்கூடும் என்றால், வளர்க்கும் முன் தொடக்கத்திலிருந்து அதன் தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேட்ட இடம் கிடைக்காமலும் போகலாம். அப்போது ரீஅலாக் எந்த இடத்தையும் காட்டாத வெற்றுச் சுட்டியைத் தரும், பழைய இடத்தைத் தொடாது. பலரும் கிடைத்ததை நேரே பழைய சுட்டியிலேயே போட்டுவிடுகிறார்கள். தோற்றால் பழைய சரத்தின் முகவரியும் தொலைந்துவிடும். முதலில் தற்காலிகச் சுட்டியில் வாங்கி, வெற்று இல்லை என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் இடம் கிடைக்காத நேரத்திலும் அதுவரை சேர்ந்த கணக்கு கையில் இருக்கும்.

அளவைக் கணக்கிடும் கூட்டலிலேயே ஒரு குழி உண்டு. மோட்டார் சைக்கிளின் மீற்றர் 99999க்குப் பிறகு 00000 ஆவதைப் போல, கணினியின் அளவெண்ணும் உச்சத்தைத் தாண்டினால் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். 32 பிட் கணினியில் அந்த உச்சம் 4,294,967,295. இருக்கும் நீளத்தோடு சேர்க்க வேண்டியதைக் கூட்டும்போது சுற்றி வந்துவிட்டால், தேவை மிகச் சிறியது என்று நிரல் நம்பிவிடும். ஆகவே கூட்டிப் பார்க்காமல் கழித்துப் பார்க்க வேண்டும்: உச்சத்திலிருந்து இப்போதைய நீளத்தையும் பூச்சியத்துக்கான ஒன்றையும் கழித்தால் மிஞ்சுவது, சேர்க்கப் போவதைவிடச் சிறியதா? சிறியதென்றால் அங்கேயே மறுத்துவிடலாம். இரட்டிப்பாக்கும் முன்னும் இதே பார்வை தேவை.

எண்ணும் எழுத்தும் கலந்த வரியின் நீளத்தை முன்கூட்டி எப்படி அறிவது? இங்கே எஸ்என்பிரிண்ட்எஃப் கைகொடுக்கிறது. அளவு பூச்சியம் என்று சொல்லிக் கூப்பிட்டால் எதையும் எழுதாமல், முழுதாக எழுத எத்தனை பைட் வேண்டும் என்று மட்டும் சொல்லும். அதில் முடிவுப் பூச்சியம் சேராது, ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். விடை எதிர்மறை எண்ணாக வந்தால் பிழை. இடத்தை உறுதி செய்த பின் இரண்டாம் முறை கூப்பிட்டு எழுதலாம். 'பாரை 12 கிலோ'வைக் கொடுத்தால் வரி முறிவோடு 29 என்றே சொல்லும். எழுத்தை நாம் எண்ணவே வேண்டாம்.

எல்லை மீறலைப் பிடிக்கும் கருவிகளும் உண்டு. சி நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி, கிளாங் இரண்டு தொகுப்பிகளிலும் அட்ரஸ் சானிட்டைசர் இருக்கிறது. அதைப் பழைய நிரலில் ஓட்டினேன், ஒன்றுமே சொல்லவில்லை. சரம், மொத்தம், பின்னாளில் உதவும் என்று ஒதுக்கிய 64 பைட் எல்லாம் ஒரே கட்டமைப்புக்குள் இருந்ததால், அதன் கண்ணுக்கு நான் என் வளவுக்குள்தான் எழுதியிருக்கிறேன். பஃபரைத் தனியாக ஒதுக்கிய புதிய நிரலில், வேண்டுமென்றே பூச்சியத்துக்கான ஒரு பைட்டை விட்டுவிட்டுப் பார்த்தேன். பஃபர் சரியாக நிரம்பிய கணத்தில் நிரலை நிறுத்தி, நிரலின் எந்த வரியில் பிழை என்று காட்டியது.

சோதிக்கும்போது தொடக்கக் கொள்ளளவை 1 பைட்டாக வைத்து, வளர்வதும் தேவைப்பட்ட அளவுக்கு மட்டும் என்று ஆக்கிவிடுங்கள். அப்படியானால் ஒவ்வொரு சேர்ப்பிலும் ரீஅலாக் நடக்கும். சானிட்டைசரும் கூடவே ஓடினால் ஒவ்வொரு முறையும் சரம் இடம் மாறிவிடும், பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சுட்டி எதுவும் தப்பாது. தலைப்பு வரியின் பிழையை நான் பிடித்தது அப்படித்தான்.

திருத்திய நிரலோடு அடுத்த கச்சான் பருவத்தில் வாடிக்குப் போனேன். அன்றைக்கு 61 வரி. 64 பைட்டில் தொடங்கிய பஃபர் ஐந்து முறை வளர்ந்து 2048இல் நின்றது. மாமா தாளை வாங்கி, பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்து, மொத்தத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு ஏலத்துக்குப் போனார்.