மலையூரை எந்த மாதத்தில் எண்ணுவது?

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய உத்தரகாண்டில் உள்ள மலையூரான முசோரியில் இருந்தவர்கள் 6,461 பேர். கோடையிலோ 15,000 பேர் வரை இருப்பார்கள் என்கிறது அக்காலத்து பிரிட்டிஷ் ஆவணம் ஒன்று. இரண்டும் சரிதான். எண்ணிய மாதம்தான் வேறு.

இந்தியாவில் ஒருவரை அவர் பிறந்த ஊரில் எண்ணுவதில்லை. கணக்கெடுப்புக் காலத்தில் எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேதான் எண்ணுவார்கள். 2011இல் அந்தக் காலம் பிப்ரவரி 9 முதல் 28 வரை. மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு நிலவரமே இறுதிக் கணக்கு. சமவெளி ஊர்களில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் பிப்ரவரி முசோரியில் குளிர் விட்டிருக்காது, சீசனும் தொடங்கியிருக்காது. கோடையில் ஓட்டலில் பாத்திரம் கழுவியவரும் மூட்டை சுமந்தவரும் கிராமத்துக்கு இறங்கியிருந்தால், அவர்கள் அந்தக் கிராமத்தின் கணக்கில் சேர்வார்கள். 2011இல் முசோரிக்குக் கிடைத்த 30,118 என்ற எண்ணும் குளிர்கால எண்தான்.

எழுத்தறிவு விகிதமும் இப்படி ஆட்களின் கலவையைப் பொறுத்தே அமைகிறது. ஏழு வயது நிரம்பிய ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் எழுத்தறிவு பெற்றவர். பள்ளிக்கே போகாதவராகவும் இருக்கலாம். முசோரியில் குடியேறிய திபெத்தியர்களில் திபெத்திய எழுத்து மட்டும் அறிந்தவரும் இதில் அடக்கம். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் சேர மாட்டார். கணக்கெடுப்பாளர் யாருக்கும் தேர்வு வைப்பதில்லை. வீட்டில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லும் பதிலையே குறித்துக்கொள்கிறார்.

இனி ஒரு சிறு கணக்கு. 2011இல் உத்தரகாண்டில் ஆண்களின் எழுத்தறிவு 87.4%, பெண்களுடையது 70%. ஓர் ஊரில் இருபாலரும் சரிபாதி என்றால் மொத்த விகிதம் 78.7%. அதே ஊரில் ஆண்கள் 56, பெண்கள் 44 என்று இருந்தால் 79.7%. ஒருவர்கூடப் புதிதாக எழுதப் படிக்கக் கற்கவில்லை, ஆனாலும் விகிதம் ஒரு புள்ளி ஏறிவிட்டது. 56-க்கு 44 என்பது நான் கற்பனை செய்த கலவை அல்ல. 2001இல் முசோரியில் இருந்ததே அதுதான். வேலை தேடி மலையேறுபவர்களில் ஆண்களே அதிகம்.

உறைவிடப் பள்ளிகளின் பங்கும் உண்டு. விடுதிகளும் ராணுவ முகாம்களும் தனி வகைக் குடும்பங்களாகப் பதிவாகின்றன. அங்கே தங்கியிருப்பவர்கள் அந்த ஊராரே. ஐஏஎஸ் பயிற்சி நடக்கும் லால் பகதூர் சாஸ்திரி அகாடமியும் முசோரியில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ போன பட்டதாரி கணக்கெடுப்பின்போது அங்கே தங்கியிருந்தால், அவரும் அந்த ஊரின் எழுத்தறிவைச் சற்று உயர்த்துகிறார். சில நூறு பேர் பெருநகரத்தில் கரைந்துபோவார்கள். முப்பதாயிரம் பேர் உள்ள ஊரில் அது சதவீதத்திலேயே தெரியும். அதனால்தான் சிறிய மலையூரின் உயர்ந்த விகிதத்தைக் காட்டி அங்குள்ள நகராட்சிப் பள்ளியைப் பாராட்டுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுவதில்லை. அந்தப் பள்ளியை அளக்க வேண்டுமானால், அதே ஊரில் பிறந்து வளர்ந்த 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளை, குறிப்பாகச் சுமைதூக்குபவர்களின் பிள்ளைகளை, தனியே பார்க்க வேண்டும்.

தேதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கேதார்நாத் சாட்சி. பனி சூழ்ந்த பகுதிகளுக்கு மட்டும் கணக்கெடுப்பு முன்கூட்டியே நடக்கிறது. 2011 சுற்றில் அவற்றுக்கான நாள் 2010 அக்டோபர் 1. அப்போது கோயில் திறந்திருக்கும், யாத்திரை நடந்துகொண்டிருக்கும். கேதார்நாத்தில் எண்ணப்பட்ட 612 பேரில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். குளிர்காலத்தில் கோயில் நடை சாத்தி எல்லோரும் இறங்கிய பின் எண்ணியிருந்தால், ஊரே கணக்கில் இருந்திருக்காது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். பனிப் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1. முசோரி போன்ற ஊர்களில் மே மாதத்தில் ஒருமுறை தனியாகவும் எண்ண வேண்டும் என்பது என் விருப்பம். குடிநீரும் கழிப்பறையும் மருத்துவமனைப் படுக்கையும் அந்தக் கோடைக் கூட்டத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டுமே.