கொண்டை ஊசி வளைவில் என்ஜின் நின்றால்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரம் வரை மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், பாதியைத் தாண்டியிருப்பேன். ஒரு வளைவுக்கு முன்னால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். என்ஜின் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. டாஷ்போர்டில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். ஸ்டீயரிங் ஆட்டுக்கல்லைத் திருப்புவதுபோல் கனத்தது. பதற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மூன்று நான்கு தடவை மிதித்தேன். கடைசி மிதிக்குப் பெடல் செங்கல்போல நின்றது. சீட்டில் முதுகை ஊன்றி, இருக்கிற பலத்தையெல்லாம் காலில் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கம் ஓரமாக ஒருவழியாக நிறுத்தினேன்.

“பிரேக் போயிடுச்சுண்ணா” என்றேன், கோரிமேட்டு மெக்கானிக்கிடம்.

“பிரேக் எங்கீங்க போச்சு? கூடச் சேர்ந்து தள்ளிக்கிட்டு இருந்த ஆளு போயிட்டான், அவ்வளவுதான்” என்றார்.

அந்த ஆள் வேறு யாருமில்லை, காற்றுதான். பெடலுக்கும், பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே, பானட்டைத் திறந்தால் கறுப்பாகச் சட்டிபோல ஒன்று தெரியும். அதுதான் பிரேக் பூஸ்டர். சட்டிக்குள் ஒரு ரப்பர் சவ்வு. அது சட்டியை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பெட்ரோல் என்ஜின் ஓடும்போது, குறிப்பாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கும்போது, பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சப் பார்க்கும். ஆனால் காற்று வரும் வழியோ கிட்டத்தட்ட மூடியிருக்கும். இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவின் நுனி வழுக்கையில் அடைத்துக்கொண்ட பிறகும் விடாமல் உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்கிறதே, அதே கதைதான். இப்படி உண்டாகும் வெற்றிடத்தை ஒரு குழாய் பூஸ்டருக்குக் கொண்டுபோகிறது. சும்மா இருக்கும்போது இரண்டு அறைகளிலும் வெற்றிடம். நீங்கள் பெடலைத் தொட்டதும் ஒரு வால்வு திறந்து, உங்கள் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைகிறது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம். காற்று சவ்வைத் தள்ளுகிறது, சவ்வு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது.

எவ்வளவு தள்ளும்? சட்டியின் குறுக்களவு 23 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சவ்வின் பரப்பு சுமார் 410 சதுர செ.மீ. சேலம் ஊருக்குள் காற்றழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ. மறுபக்கம் சுத்தமான வெற்றிடம் இல்லை, 0.35 கிலோ அழுத்தம் மிச்சமிருக்கும். வித்தியாசம் 0.65. பெருக்கினால் 265 கிலோவை ஒட்டி வருகிறது. நாம் அலுங்காமல் காலை வைக்க, பின்னால் மூன்று ஆட்கள் ஏறி நிற்கிற மாதிரி.

ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 0.86 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். என்ஜின் உறிஞ்சுவது அதே அளவு என்றால் வித்தியாசம் 0.51 ஆகிவிடுகிறது. அதே சட்டி, அதே கால். ஆனால் காற்று தரும் அதிகபட்ச உதவியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கம் தொடங்கும் இடத்தில்தான் உதவி கம்மி என்பது கொஞ்சம் கொடுமைதான். சாதாரணமாக மிதிக்கும்போது இது தெரியாது, பூஸ்டர் தன் முழுப் பலத்தையும் காட்ட வேண்டிய அவசரத்தில்தான் தெரியும்.

சரி, என்ஜின் நின்றதும் என்ன ஆகிறது? குழாயில் ஒருவழி வால்வு இருப்பதால், சட்டிக்குள் இருக்கும் வெற்றிடம் உடனே ஓடிப்போகாது. இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். ஒவ்வொரு முறை காலை எடுத்து மிதிக்கும்போதும் கொஞ்சம் வெளிக்காற்று உள்ளே போய், கையிருப்பு கரைகிறது. நான் செய்த தப்பு அங்கேதான். ஒரே மிதியாக அழுத்தி, நிற்கும்வரை காலை எடுக்காமல் இருந்திருந்தால் முதல் மிதியிலேயே கார் நின்றிருக்கும். கையிருப்பு தீர்ந்தாலும் பெடலிலிருந்து சக்கரம் வரை பிரேக் ஆயில் வழியான இணைப்பு அறுந்துபோவதில்லை, பாரம் முழுக்க நம் காலுக்கு வந்துவிடுகிறது என்பதுதான் வித்தியாசம். ஐ.நா.வின் வாகன விதிகளின்படி, பூஸ்டர் செத்த காரும் 50 கிலோ விசைக்குள் நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். ஆனால் இயல்பான பிரேக்குக்குக் கேட்கும் வேகக்குறைப்பில் பாதிகூட அங்கே கேட்பதில்லை. நிற்கும், ஆனால் மெதுவாக நிற்கும்.

டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜின்போலக் காற்று வழியை மூடுவதில்லை. அதனால் வெற்றிடத்துக்குத் தனியாக ஒரு பம்ப் உண்டு, அதையும் என்ஜின்தான் சுற்றுகிறது. ஆக, முடிவு ஒன்றுதான்.

ஸ்டீயரிங் விஷயம் வேறு. பழைய வகையில் என்ஜின் பெல்ட்டில் ஓடும் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தித் தள்ளி உதவும். 1926இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்திக் காட்டியது இந்த வகை. விற்பனைக்கு வந்த காரில் இடம்பிடிக்க 1951 வரை ஆனது. பம்ப் நின்றால் உதவிக்கு ஒரு சொட்டுக் கையிருப்பும் கிடையாது. போதாக்குறைக்கு, குழாய்க்குள் கிடக்கும் எண்ணெயையும் நம் கைதான் தள்ள வேண்டும். இப்போது பெரும்பாலான கார்களில் உதவுவது மின்மோட்டார். பேட்டரி இருக்கிறதே, அப்புறம் ஏன் கனக்கிறது? என்ஜின் நின்றால் மோட்டாரையும் நிறுத்திவிடும்படி சில மாடல்களில் வைத்திருக்கிறார்கள், சிலவற்றில் கொஞ்ச நேரம் ஓடும். எப்படியானாலும் ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரம் வரை இரும்புத் தண்டு இருக்கிறது, திருப்பினால் திரும்பும். உதவி இருக்கும்போது திருப்ப 15 கிலோ விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது, உதவி போனால் 30 கிலோ வரை போகலாம் என்கிறது விதி. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் இந்தக் கனம் அவ்வளவாகத் தெரியாது, அங்கே கொஞ்சம் திருப்பினால் போதும். குறைந்த வேகத்தில், ஸ்டீயரிங்கை நிறையச் சுற்ற வேண்டிய கொண்டை ஊசி வளைவுதான் மோசமான இடம்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று: கிளட்ச் மிதிக்காமல் கியரில் இருக்கும் கார், பெட்ரோல் வராவிட்டாலும், உருளும்வரை என்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சக்கரம் என்ஜினைச் சுற்ற, பிஸ்டன்கள் உறிஞ்ச, பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். நான் கிளட்சை மிதித்ததால் அந்தத் தொடர்பை நானே அறுத்துவிட்டேன். நியூட்ரலில் இறங்குபவர்கள் முதலிலேயே அறுத்துவிடுகிறார்கள். பெட்ரோல் மிச்சம் என்பார்கள். உண்மையில் இன்றைய கார், கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருளையே நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு, அதாவது என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்க, எரிபொருள் போகிறது. சாவியைத் திருப்பி எடுத்துவிட்டு உருள விடுபவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பெடல் கல்லாக நின்றால் போனது பூஸ்டர் உதவி. பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கினால் அது வேறு நோய்: விடாமல் மிதித்துச் சூடேறி பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம், அல்லது எங்காவது கசிவு இருக்கலாம். மலை இறக்கத்தில் இந்தப் பஞ்சுப் பெடலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும், கால் எவ்வளவு அழுத்தினாலும் விசை சக்கரத்துக்குப் போய்ச்சேராது. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்வது அதற்காகத்தான்: என்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும், பிரேக் அவ்வளவாகச் சூடேறாது.

கோரிமேட்டில் அண்ணன், என்ஜினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கரி படிந்து, ஐட்லிங்குக்குக் காற்று போகும் இடுக்கு அடைத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டிய பிறகு, என்ஜின் நின்ற நிலையிலேயே என்னை உட்காரவைத்து ஐந்து தடவை பெடலை மிதிக்கச் சொன்னார். கல்லானது. “காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க.” சாவியைத் திருப்பினேன். காலுக்கடியில் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கியது.

“வந்துட்டான் பாருங்க” என்றார்.